முதல் கையெழுத்து

கூவர்குளம்
18.01.2026

அன்புத் தங்கை நாகலெட்சுமிக்கு, அண்ணன் மருதுபாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் சிநேகாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை அய்யப்பனும் திருப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கண்மாய்க்கரைக் காளி துணை நிற்பாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பொங்கலுக்கும் நீ வரவில்லை. ஐந்து வருடமாக வரவில்லை. வழக்குப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சிநேகா கோலம் போட்டாள், நான் பொங்கல் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. "பரவால்ல மாமா, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டாள். சாயல்குடி ஆஸ்பத்திரியில் அவளுக்கு இப்போது பகல் டூட்டி. மாலை ஆறு மணி பஸ்ஸில் வீடு வந்துவிடுகிறாள். மிளகாய்ச் செடி பூப்பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சட்டமன்றத் தேர்தல் வருகிறது. உன் அண்ணன் சுயேச்சையாகக் களம் காண்கிறான். இது பத்தாவது முறை. போன பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாமல் போனதை நீ அறிவாய். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம் ஆள் சேரவில்லை. இந்த முறை சேருவார்கள், ஒரு வழி கிடைத்திருக்கிறது.

வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்கு ஆட்கள் வந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரையெல்லாம் அடித்தார்கள். உன் பாரத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். உன் ஓட்டு இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
என்றும் மக்கள் பணியில்,
மருதுபாண்டி


திருப்பூர்
27.01.2026

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, நாகலெட்சுமி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கால் வலி இருந்த இடத்தில் இருக்கிறது. கம்பெனியில் செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? உன் உடம்பைப் பார்த்துக்கொள். பல் வலிக்கு வைத்தியம் பார்த்தாயா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாய் என்று உங்கள் மாப்பிள்ளை சிரிக்கிறார். போனில் நீ மைக் பிடித்த மாதிரிப் பேசுவாய். என் முறை வருவதற்குள் சோறு வடிக்கும் நேரம் வந்துவிடும். எழுத்தில் என்றால் நான் கேட்டது உன் முன்னால் கிடக்கும், ஓட முடியாது.

தங்கைக்குக் கடிதம் எழுதும்போதாவது மக்கள் பணியை இறக்கி வை. பத்தாவது முறையாம், பெருமையைப் பார். நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் வேறு கணக்கு.

2001-இல் நீ முதல் தடவை நின்றபோது முதல் வரிசையில் நம்மைப் பெற்ற அய்யாவைக் கையெழுத்துக்கு உட்காரவைத்தாய். வெற்றிலை பாக்கு, சரிகைத் துண்டு, மாலை, கோயிலில் முதல் மரியாதை கொடுப்பது போல. ஊரே கூடிப் பார்த்தது. ஓட்டு எண்ணுவதற்கு முந்தின நாள் அய்யா போனார். வயசு என்றோம். அடுத்த தேர்தலில் அந்த முதல் மரியாதை யார் வீட்டுக்கு என்று சண்டையே நடந்தது. கோகிலாவின் மாமனார் வாங்கினார். ஓட்டு எண்ணுவதற்குள் அவரும் போனார். சர்க்கரை என்றோம். அடுத்தவரைப் பாம்பு கடித்தது. அடுத்தவர் மேல் லாரி. இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்தார்கள், முதல் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்கூட எண்ணிக்கை நாளைப் பார்க்கவில்லை.

எட்டுப் பேர் போன பிறகு, 2021-இல் முதல் வரிசையில் பேர் போட ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் உன் பெண்டாட்டி, மீனம்மாள் மதினிதான் போட்டது. எண்ணிக்கை அன்று காலையில் மதினியை எரித்துவிட்டு, குளித்துவிட்டு, ஓட்டு எண்ணும் இடத்துக்கு நீ பஸ் ஏறினாய். அதனால்தான் நான் பொங்கலுக்கு வருவதில்லை. தெரிந்துகொண்டே கேட்காதே.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். இந்தத் தடவை முதல் கையெழுத்து யார்? சிநேகா உன் வீட்டில் இருக்கிறாள். அவள் ஓட்டும் அங்கேதான் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

உன் தங்கை,
நாகலெட்சுமி


கூவர்குளம்
10.02.2026

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலம், உங்கள் நலமே எங்கள் தேவை. பல்லைப் பிடுங்கிவிட்டேன். சிநேகாதான் கூட்டிப்போனாள்.

மிளகாய் நன்றாகப் பழுத்து வருகிறது. முதல் பறிப்புக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். சாயல்குடி மைக் செட் காஜா நவாஸ் தம்பி இந்த முறையும் வேனைத் தருவதாகச் சொல்லிவிட்டார். போன முறை எனக்குக் கட்டில் சின்னம் கொடுத்தார்கள். "அண்ணே, இந்தத் தடவையாவது எந்திரிச்சு நிக்கிற மாதிரி ஒரு சின்னம் கேளுங்க" என்கிறார். நல்ல பிள்ளை.

நீ எழுதியதைப் படித்தேன். பதவி ஆசை என்று நினைக்கிறாயா? நம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து முப்பது வருடம் ஆகிறது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. இருநூறு வீடு இருந்த ஊரில் நாற்பத்தொரு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. ஜெயிப்பவன் எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் தோற்றாலும், வேனில் ஏறி அந்த வரத்துக்காலைப் பற்றிப் பேசுகிறேன். பதினைந்து நாளைக்காவது நம் ஊர்ப் பெயர் தொகுதி முழுக்கக் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் இப்போது நிறுத்தினால், அந்த ஒன்பது பேரும் சும்மா போனார்கள் என்று ஆகிவிடும். உன் மதினி சும்மா போனாள் என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

முழங்காலுக்கு எருக்கிலை வாட்டிக் கட்டு.

இப்படிக்கு,
மருதுபாண்டி


திருப்பூர்
16.02.2026

அண்ணனுக்கு, சுகம். நீயும் சுகமாக இரு.

பல், மிளகாய், மைக் செட், கட்டில், கண்மாய், எருக்கிலை எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. நான் கேட்டதற்கு மட்டும் வரவில்லை.

முதல் கையெழுத்து யார்?

நாகலெட்சுமி


கூவர்குளம்
14.03.2026

அன்புத் தங்கைக்கு, ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சிநேகாவும் சுகம்.

நீ பயப்பட வேண்டாம். முதல் கையெழுத்து அய்யாவுடையது.

சிரிக்காதே. தை மாசம் பிறந்ததிலிருந்து அய்யா வந்துபோகிறார். உச்சி வெயிலில், மிளகாய்க் களத்தில் ஆள் அரவம் இல்லாத நேரத்தில், கண்மாய்க்கரை மேல் நடந்து வருகிறார். எரித்தபோது போர்த்தியிருந்தோமே சரிகைத் துண்டு, அதைத் தோளில் போட்டிருக்கிறார். வாசல் படியில் உட்காருவார். மழை பெய்ததா என்று கேட்பார். பிறகு, "ஏலே, இந்தத் தடவை மொத ஆளு யாருலே?" என்பார். அதைக் கேட்கும்போது மட்டும் நேராக என் முகத்தைப் பார்ப்பார்.

உன்னிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஒன்பது தேர்தலில் இரண்டாவது தேர்தலிலிருந்து எல்லா முறையும் வந்தார். கையெழுத்துப் போட்டவர் வீட்டுப் பக்கம் போவதைப் பார்ப்பேன். அன்றைக்கோ, மறுநாளோ சேதி வரும். மீனம்மாளுக்குக்கூட தெரிந்தார். "மாமா வந்து வாசல்ல நிக்கிறாக, இந்தச் சேலையோடயா அவுக முன்னால போறது, மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். வெயில் தாங்காத மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மூச்சு அடங்கிவிட்டது.

அதனால் இந்த முறை நானே கேட்டேன். "அய்யா, உசுரோட இருக்கவுக பேரு மொதல்ல இருந்தாத்தான இந்தப் பாடு? நீங்களே மொத ஆளா இருங்க. உங்களுக்கு இனி என்ன?" பிறகு பெருவிரலை நீட்டினார். மையை நான்தான் தடவினேன்.

ஊரில் சொன்னேன். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் அய்யா கைநாட்டைக் கண்ட பிறகு கோகிலாவும் துணிந்து போட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து பாக்கி ஒன்பதும் நிறைந்துவிட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு என் வாசலில் கூட்டம் நின்றதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
மருதுபாண்டி


திருப்பூர்
19.03.2026

அண்ணனுக்கு, இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமில்லை என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டவில்லை. கம்பெனி பாத்ரூமில் நின்று இரண்டாவது முறை படித்தேன். அண்ணே, மதினி போனதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, மதிய வெயிலில் களத்தில் கிடக்கிறாய். மதுரையில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார்கள். நான் லீவு போட்டு வருகிறேன், போய்விட்டு வருவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிநேகாவிடம் போனில் நைசாகக் கேட்டேன். "ஆமாம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமா வாசல்ல யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்தாரு, எட்டிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல" என்றாள். வயசானால் அப்படித்தான் என்று அவள் பாட்டுக்கு வேறு கதைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவரு பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசுனாரும்மா, எதிராளு பதில் சொல்றதுக்கு விடுற மாதிரி" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. நீ சொல்வது பைத்தியமாக இருந்தாலும், அதில் ஒரு வசதி இருக்கிறது. செத்தவர் பெயர் முதலில் இருக்கும்வரைக்கும் உயிரோடு இருக்கிற யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற ஒன்பது பேர் யார் யார் என்று எழுது.

உன் தங்கை,
நாகலெட்சுமி


கூவர்குளம்
28.03.2026

அன்புத் தங்கைக்கு, அனைவரும் சுகம். முதல் பறிப்பு மிளகாய் களத்தில் காய்கிறது. ஊரே சிவப்பாக இருக்கிறது, நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஒரு சின்னச் சிக்கல். வேட்புமனுவைத் தாக்கல் செய்வதற்கு முன்னால் சரிபார்க்கலாம் என்று அலுவலகத்தில் காட்டினேன். அங்கிருந்த பெண் அதிகாரி நல்ல மாதிரி. பட்டியலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இருளாண்டிங்கிற பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றார். எங்க அய்யாதான் என்றேன். "கைநாட்டுன்னா அவரு நேர்ல வந்து எங்க முன்னாலதான் வைக்கணும்" என்றார். மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லவா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற காஜா நவாஸ் தம்பி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அதனால் வேறு பாரத்தில் மறுபடி எழுத வேண்டும். ஒரு ஆள் குறைகிறது. எழுதிப் போட்டுக்கொள்ளலாம்.

நீ என்னைப் பைத்தியம் என்று நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. செல்லாமல் போன அந்தப் பழைய பாரத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அய்யா கைநாட்டை நீயே பார். உனக்குத் தெரியாத விரலா?

இப்படிக்கு,
மருதுபாண்டி


திருப்பூர்
31.03.2026

அண்ணே,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

பாரம் வந்தது. பெட்டியிலிருந்து என் பங்குப் புஞ்சைப் பத்திரத்தை எடுத்தேன். 1998-இல் அய்யா எனக்கு எழுதிவைத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பனை சீவும்போது அரிவாள் பட்டு இடது பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டு இருக்குமே, அது இரண்டிலும் இருக்கிறது, ஒரே இடத்தில். பாரத்தில் இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். என் விரலில் மை ஒட்டியது. பதினைந்து நாளுக்கும் முன்னால் வைத்த மை அண்ணே. சோப்புப் போட்டுக் கழுவினேன், இன்னும் நீலம் போகவில்லை.

சரி, நம்புகிறேன். நீ பைத்தியம் இல்லை. பைத்தியமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு அய்யாவின் கைநாட்டைக் காட்ட வேண்டும் என்று அவசரம். எனக்கு அதற்குக் கீழே இருக்கிற பெயர்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது, சிநேகா. என் பிள்ளையின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

முதல் பெயரை அடித்தாகிவிட்டது. இரண்டாவது பெயர் இப்போது எத்தனாவது? எழுது. ஸ்பீட் போஸ்டில் எழுது. மிளகாயைப் பற்றி எழுதாதே.

நாகலெட்சுமி


கூவர்குளம்
02.04.2026

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதற்கு மட்டும் பதில். புதுப் பாரத்தில் முதல் பெயர் சிநேகா.

நான் கேட்கவில்லை, காளி மேல் ஆணை. அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். "வரிசைப்படி ஏறட்டும், எங்க பேரு எங்கன இருந்துச்சோ அதுக்கு மேல ஒரு படிதான் ஏறுவோம், மொதப் படிக்கு வர மாட்டோம்" என்று கோகிலா சொன்னாள். சிநேகாதான் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினாள். "மாமா, ஆஸ்பத்திரில தெனம் சாவப் பாக்குறேன். ஒருத்தரும் கையெழுத்துப் போட்டு வந்தவுக இல்ல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அய்யாவிடம் சொன்னேன். உங்க பேத்திதான், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். அவர் மழையைப் பற்றிக் கேட்டார்.

மனுவைக் கொடுக்காமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். வேனில் ஏறி உட்கார்ந்தால் நினைப்பு மாறிவிடுகிறது. பத்தாவது இடம் காலியாக இருக்கிறது. நீ வந்து போடு. திங்கட்கிழமை கடைசி நாள். நீ பக்கத்தில் நின்றால் அய்யா உன் பிள்ளை மேல் கை வைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என்றால் அவருக்கு உயிர்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


திருப்பூர்
28.04.2026

அண்ணனுக்கு, நாகலெட்சுமி எழுதுவது. இங்கே நான் சுகம், காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. உங்கள் மாப்பிள்ளையும் சுகம். நீயும் சிநேகாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஈஸ்வரன் கோயிலில் விளக்குப் போட்டேன். நீ ஓட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போயிருப்பாய். மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி.

நான் மனுத் தாக்கலுக்கு வந்து, சண்டை போடாமல், நீ சொன்னபடி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே. அன்றைக்கு உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இனி வாபஸ் வாங்கவும் முடியாது, ஓட்டும் போட்டு முடிந்துவிட்டது.

நீ எப்போதும் நாலு பாரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்திருப்பாய். டெபாசிட் கட்டுகிற வரிசையில் நீ நின்றபோது நாங்கள் பத்துப் பேரும் வெளியே காஜா நவாஸ் தம்பி வேனில்தான் இருந்தோம். பை என் மடியில் இருந்தது. அதிலிருந்து இன்னொரு பாரத்தை எடுத்தேன். முதல் வரிசையில் என் பெயரைப் போட்டேன். கீழே மற்றவர்களைப் போடச் சொன்னேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை, கோகிலா மட்டும் என் காலைத் தொட்டாள். சிநேகாவைப் பத்தாவதாகப் போடச் சொன்னேன். "என்னம்மா இது" என்றாள். "அம்மா சொன்னா ஒரு தடவையாச்சும் கேளு" என்றேன். அவள் பெயர் முதலில் இருந்த பாரத்தை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். உன்னிடம் கொடுத்தது நான் எழுதியது. வேட்பாளர் என்று கூப்பிட்டதும் நீ துண்டைச் சரிசெய்துகொண்டு போனாய். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

உன்னை நிறுத்த முடியவில்லை, அவளையும் நிறுத்த முடியவில்லை. அவளைத் திருப்பூருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், மாமாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். நான் வராமல் இருந்திருந்தால் போகிற வருகிற யாரையாவது பத்தாவதாகப் பிடித்திருப்பாய். வரிசையை மாற்றுவது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

முன்னமே சொல்லியிருக்கலாமே என்பாய். சிநேகாவுக்காக நீ வாபஸ் வாங்கவில்லை. எனக்காக வாங்குவாயா, மாட்டாயா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை அண்ணே.

எண்ணிக்கைக்கு இன்னும் ஆறு நாள். தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ரோட்டைப் பார்த்துக் கடக்கிறேன். மதிய நேரத்தில் தனியாக இருப்பதில்லை, சனி ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பேன், அன்றைக்கு உங்கள் மாப்பிள்ளையும் டூட்டிக்குப் போய்விடுவார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக இருந்த பயம் இல்லை, அது வேறு. அய்யா கூவர்குளத்தைத் தாண்டி எங்கேயும் போனவர் இல்லை. திருப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

இது கிடைத்ததும் அவர் வந்தால் ஒன்றும் சொல்லாதே. முகத்தில்கூட காட்டாதே. இந்த ஆறு நாள் மட்டும்.

உன் தங்கை,
நாகலெட்சுமி


கூவர்குளம்
29.04.2026

அன்புத் தங்கை நாகலெட்சுமிக்கு, அண்ணன் மருதுபாண்டி எழுதுவது. நானும் சிநேகாவும் மிக்க சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. கோபமாக இருப்பாய் என்று தெரியும். அதனால் நல்ல செய்தியை உடனே எழுதுகிறேன்.

ஓட்டுப்பதிவு அன்று நம் பூத்தில் பேரன் பேத்தி வரைக்கும் வந்து போட்டார்கள். வெளியூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். எனக்குத் தள்ளுவண்டி சின்னம். ஜெயிக்க மாட்டேன், தெரியும். ஆனால் இந்த முறை வரத்துக்காலைப் பற்றிப் பெரிய கட்சிக்காரர்களே மேடையில் பேச வேண்டியதாகிவிட்டது. ஒன்பது பேரும் கேட்டிருப்பார்கள்.

மூன்று வாரமாக நான் தூங்கவில்லை. மதியம் ஆனால் சிநேகா டூட்டியில் இருக்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் திட்டுவாள். இன்றைக்கு அவளுக்கு லீவு. களத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் படியில் இருந்தேன். அய்யா வந்தார்.

தங்கச்சி, கரையிலிருந்து இறங்கி, களத்தின் ஓரமாக, சிநேகாவுக்குப் பத்தடி தூரத்தில் நடந்து வந்தார். நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அங்கே இருப்பதே தெரியாத மாதிரி கடந்து வந்து படியில் உட்கார்ந்தார். அந்த நிமிஷம் எனக்கு மலை இறங்கிய மாதிரி இருந்தது. வாய்விட்டு அழுதேன். பேத்தியை விட்டுவிட்டார். நான் கும்பிட்டுக் கேட்டது வீண்போகவில்லை.

இந்த முறை யார் முதல் ஆள் என்றுகூடக் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்டார். "தங்கச்சி எங்கனலே இருக்கா? பாத்து வருசமாச்சு" என்றார். திருப்பூரில் இருக்கிறாள் என்றேன். எப்படிப் போவது என்றார். இத்தனை வருடத்தில் உன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடலாடியில் பஸ் ஏறி, மதுரையில் மாறி, திருப்பூரில் இறங்கி எந்த டவுன் பஸ், எந்த ஸ்டாப், எந்தச் சந்து, கதவு நம்பர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மூன்று முறை வாயாலும் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் நீ வீட்டில் இருப்பாய் என்றும் சொல்லியிருக்கிறேன். இருந்துகொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
மருதுபாண்டி